எஸ்ஸேய மினுக்கினது காணும், உள்ள ஆள் எங்க?

வெளிநாட்டு எம்பிஏக்கு அப்ளை பண்ணுற பிள்ளையள்ட எஸ்ஸே பாத்துக் குடுக்கிறதுதான் என்ட வேலை. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்ன அறை, மிச்சமெல்லாம் வட்ஸ்அப்பில. போன கிழமை வந்த ஒரு எஸ்ஸேயோட பொறுமை போயிட்டுது, அதான் எழுதுறன்.

மூதூர்ப் பக்கத்துத் தம்பி ஒராள் (அடையாளம் தெரியாம சில விசயத்த மாத்தித்தான் சொல்லுறன்), ஒரு ஃபைனான்ஸ் கொம்பனியில லோன் குடுக்கிற, அறவிடுற வேலை. சுனாமி அலை தன்ட வாழ்க்கையப் புரட்டிப் போட்டுது எண்டு தொடங்குது எஸ்ஸே. 2004 டிசம்பர் 26ல எத்தின வயசு தம்பி எண்டு கேட்டன். ஆறாம். எங்க இருந்தீங்க எண்டால் வவுனியாவில மாமா வீட்டிலயாம், அலையையே காணேல்ல, டிவியில பாத்ததுதானாம். அப்ப இத ஆர் எழுதினது? கொழும்பில ஒரு ஏஜன்சி. திருகோணமலை எண்டு விலாசத்தக் கண்ட உடன சுனாமியையும் யுத்தத்தையும் ரெடிமேட் பந்தியா அடிச்சு விட்டிருக்கு, அதுக்கு நல்ல காசும் வாங்கியிருக்கு. உண்மையா இழந்த குடும்பங்கள் எங்கட ஊரில எத்தினை, அவங்கட பிள்ளையள் அத எழுதினா நான் ஒரு வரியும் தொடமாட்டன். ஆனா படாத பாட்ட வாடகைக்கு எடுத்து எழுதுறது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அசிங்கம்.

இதில என்னை எரிச்சல்படுத்துறது ஏஜன்சி இல்ல, அவங்களுக்கு அது வியாபாரம். எங்கட ஆக்கள்ட தலைக்குள்ள இருக்கிற ஒரு நினைப்புத்தான். எஸ்ஸேய பொலிஷ் பண்ணுறது எண்டால் இங்கிலிஷ பெரிசாக்கிறது எண்டு நினைக்கினம். சின்னச் சொல்லுக்குப் பதிலாப் பெரிய சொல்லு, ஒரு வசனத்துக்குப் பதிலா மூண்டு வசனம், ஒவ்வொரு பந்தியிலயும் ஒரு லீடர்ஷிப், ஒரு விஷன், ஒரு குளோபல். ஏ எல் ஜெனரல் இங்கிலிஷில மார்க்ஸ் எடுக்கிற கணக்கில யோசிக்கிறீங்கள். அட்மிஷன் ஆக்கள் உங்கட கிரமருக்கு மார்க்ஸ் போட அங்க இருக்கேல்ல, இங்கிலிஷ் தெரியுமா எண்டு பாக்க அவங்களுக்கு ஐஎல்ட்ஸும் டோஃபலும் இருக்கு, கணக்குத் தெரியுமா எண்டு பாக்க ஜிமாட்டும் ஜிஆர்இயும் இருக்கு, எஸ்ஸே கேக்கிறது அந்தப் பேப்பர் ஒண்டிலயும் தெரியாத ஆளைப் பாக்கிறதுக்கு. கலியாணப் பொம்பிளைக்கு மேக்கப்பப் போட்டுப் போட்டு கடைசியில மாப்பிள்ளைக்கே ஆளத் தெரியாமப் போன மாதிரி எஸ்ஸேயக் கொண்டு வந்து என்ட மேசையில வைக்கிறீங்கள், பிறகு "அக்கா இன்னும் கொஞ்சம் ஷைன் பண்ணித் தாங்க" எண்டுறீங்கள்.

ஹார்வர்ட் முந்தி 900 சொல்லுக்கு ஒரே எஸ்ஸேதான் கேட்டது. 2024ல மாத்தி மூண்டு சின்ன எஸ்ஸே ஆக்கிட்டினம், ஒண்டு 300 சொல்லு, மற்ற ரெண்டும் 250, 250. 250 சொல்லுக்குள்ள குளோபல் விஷனுக்கு எங்க இடம்? ஒரு சம்பவம், அதில நீங்க எடுத்த ஒரு முடிவு, அதால நடந்தது, அவ்வளவும் அடங்கினா பெரிய காரியம். ஸ்டான்ஃபோர்ட் கன வருசமாக் கேக்கிறது உங்களுக்கு எல்லாத்தையும் விட எது முக்கியம், ஏன் எண்டு. இந்தக் கேள்விக்கு ஏஜன்சிக்காரன் எப்பிடி விடை எழுதுவான்? எழுதுறான், அதுதான் கொடுமை.

அந்தத் தம்பியிட்ட எஸ்ஸேய மூடி வைச்சிட்டு 2022 எப்பிடிப் போச்சு எண்டு கேட்டன். மண்ணெண்ணெய் இல்லாம வள்ளமெல்லாம் கரையில கிடந்த காலம், ஓகஸ்ட்ல லீட்டர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஒரேயடியா ஏத்தினது ஞாபகம் இருக்கும். இவர் அறவிடப் போற ஆக்கள் முக்காவாசியும் எஞ்சின் லோன் எடுத்த மீனவர். கடலுக்குப் போகாதவனிட்ட என்னத்த அறவிடுறது? எஞ்சினத் தூக்குங்க எண்டு மேலிடம் சொல்லியிருக்கு. இவர் ஒரு கொப்பியில ஆர் ஆர் கடலுக்குப் போறான், எத்தின நாள் போறான், மீனுக்கு என்ன விலை போகுது எண்டு எழுதி மனேஜரிட்டக் கொண்டு போய், தவணைய மாசக் கணக்கில இல்லாம கடலுக்குப் போற நாள்க் கணக்கில வாங்குவம் எண்டு வாதாடியிருக்கிறார். கொஞ்சப் பேருக்கு அப்பிடி வாங்கியும் இருக்கினம், ரெண்டு பேர் திருப்பிக் கட்டாம ஏமாத்தியும் இருக்கினம். இத ஏன் எழுதேல்ல எண்டு கேட்டால் "அது சும்மா ஒஃபிஸ் விசயம் தானே அக்கா" எண்டுறார். தலையில அடிக்கிறதா சிரிக்கிறதா எண்டு தெரியேல்ல. அந்த ஏமாத்தின ரெண்டு பேரையும் கட்டாயம் எழுதச் சொன்னன், எல்லாம் வெண்டு முடிச்ச கதைய ஆரும் நம்பமாட்டினம்.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு வியாதி, "நாங்கள்". நாங்கள் செய்தம், எங்கட டீம் செய்தது. அடக்கம் எண்டு நினைச்சு எழுதுறீங்கள், நல்ல வளர்ப்புத்தான், ஆனா வாசிக்கிறவருக்கு உங்கட பங்கு என்ன எண்டு தெரியாட்டி அந்த டீமில ஆர எடுக்கிறது? புழுக வேண்டாம். "நான் மனேஜரிட்டப் போனன், அவர் முதல்ல மாட்டன் எண்டார்" எண்டு எழுதுறது புழுகு இல்ல.

கொப்பி அடிக்கிறாக்களுக்குத் தனியாச் சொல்லுறன். இது இண்டைக்கு நேற்று வந்ததில்ல. அமெரிக்காவில பென்ஸ்டேட்டிண்ட ஸ்மீல் பிசினஸ் ஸ்கூல் 2010ல, கொப்பி பிடிக்கிற டேர்ன்இட்இன் சொஃப்ட்வெயார்ல போட்டுப் பாத்து 29 பேரிண்ட விண்ணப்பத்தத் தூக்கி எறிஞ்சது. அந்த எஸ்ஸேயிண்ட தலைப்பே நெறியான தலைமைத்துவம்! 2012ல யூசிஎல்ஏயிண்ட அண்டர்சன் பிசினஸ் ஸ்கூலும் 52 பேர அதே மாதிரித் திருப்பி அனுப்பினது. இப்ப சாட்ஜிபிடி வந்திட்டுது, கொப்பி எண்டு பிடிபடாது எண்டு நினைக்கிறீங்கள். பிடிபடாமலே போகட்டும், ஒரே மாதிரி நூறு எஸ்ஸே வாசிக்கிற மனுசனுக்கு உங்கட பேர் ஞாபகம் நிக்குமா எண்டு மட்டும் யோசியுங்கோ. எழுத்துப்பிழை பாக்க, வசனத்தச் சுருக்கப் பாவிக்கிறது வேற விசயம், அதுக்கும் முதல்ல அந்தந்த ஸ்கூல் என்ன விதி போட்டிருக்கு எண்டு பாருங்கோ.

பிறகு வீடியோ. கெலொக், யேல், இன்சியாட் மாதிரி ஸ்கூல் எல்லாம் வீடியோவில கேள்வி கேக்குது. திரையில கேள்வி வரும், யோசிக்கக் கொஞ்ச நேரம், பிறகு நீங்களே கதைக்கோணும், ஏஜன்சிக்காரன் கட்டிலுக்குக் கீழ இருந்து சொல்லித்தர ஏலாது. எஸ்ஸேயில ஷேக்ஸ்பியர், வீடியோவில "அம்... அம்..." எண்டால் அவங்கள் என்ன முடிவுக்கு வருவினம்? உங்கட கதைக்கிற இங்கிலிஷுக்கு ஒரு படி மேல எஸ்ஸே இருக்கலாம், நாலு படி மேல இருக்கப்படாது.

ரெகமண்டேஷனும், அதான் பொஸ் உங்களப் பத்தி எழுதுற சிபாரிசுக் கடிதமும், இப்பிடித்தான். "நீங்களே எழுதிக்கொண்டு வாங்க தம்பி, நான் போட்டு விடுறன்" எண்டு பொஸ் சொல்லுவார், எங்கட ஒஃபிஸ் எல்லாத்திலயும் இதுதான் வழக்கம், நீங்களும் சந்தோசமா எழுதிக் குடுப்பீங்கள். எஸ்ஸேயிலயும் ரெகமண்டேஷனிலயும் ஒரே சொல்லு, ஒரே வசன ஓட்டம், ஒரே பிழை கூட! அவருக்கு நீங்க செய்த வேலைகள ஒரு பக்கத்தில குறிப்பா எழுதிக் குடுங்கோ, அதில தப்பில்ல, எழுதுறது அவர் எழுதட்டும். இங்கிலிஷ் உடைஞ்சாலும் பரவாயில்ல. பொஸ்ஸிண்ட பேரில ஒரு ஜிமெயில் திறந்து நீங்களே அனுப்புற வேலை மட்டும் வேண்டாம், அது களவு, இடம் கிடைச்ச பிறகு வேலையையும் சம்பளத்தையும் சரிபாக்கிற ஸ்கூல்கள் இருக்கு, அப்ப பிடிபட்டா குடுத்த இடத்தத் திருப்பி எடுப்பினம்.

கடைசியாச் சின்னச் சின்ன விசயம். ஒரு எஸ்ஸேய அஞ்சு ஸ்கூலுக்கு அனுப்பேக்க ஸ்கூலிண்ட பேர மாத்துங்கோ ஐயா, வார்ட்டனுக்குப் போற எஸ்ஸேயில கொலம்பியாதான் என்ட கனவு எண்டு கிடக்கு. சொல்லு எண்ணிக்கையத் தாண்டாதீங்கோ. எழுதினத ஒருக்காச் சத்தமா வாசிச்சுப் பாருங்கோ, நாக்குத் தடக்குற இடம் உங்கட இடம் இல்ல, வெட்டுங்கோ. உங்களத் தெரிஞ்ச ஒராள், தெரியாத ஒராள், ரெண்டு பேரிட்டக் காட்டினாக் காணும். சித்தப்பா, டியூசன் சேர், கனடாவில இருக்கிற மச்சான் எண்டு ஊர் முழுக்கக் காட்டினா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வசனத்த மாத்துவினம், நீங்களும் பெரியாக்கள் சொன்னது எண்டு எல்லாத்தையும் ஏத்துவீங்கள்.

ஸ்கூல்கள் விண்ணப்பத்த ரவுண்டு ரவுண்டாத்தான் எடுக்கும். ரெண்டாம் ரவுண்டுக்குப் போறாக்கள், பெரிய ஸ்கூல் கனக்கவற்றிண்ட முடிவுத் திகதி ஜனவரித் தொடக்கத்தில வரும். எங்களுக்கு அது மாரி, கரண்டும் நெட்டும் எப்ப போகும் எண்டு தெரியாது, அதோட ஹார்வர்ட்டுக்கு மட்டும் விண்ணப்பக் காசு 250 டொலர், கடைசி நாளிரவு கார்ட் வேலை செய்யேல்ல எண்டு எனக்கு அழுது வொய்ஸ் போடாதீங்கோ. நவம்பருக்குள்ள வாங்கோ. தமிழில எழுதினதெண்டாலும் கொண்டு வாங்கோ, கொப்பித் தாளில எண்டாலும் சரி. ஏஜன்சி தந்த பிடிஎஃப் எண்டால் நான் திறக்கமாட்டன்.