பேஸ்புக் உங்கள் லிங்கைத் தடுக்கும்போது உள்ளே நடப்பது என்ன?

முடக்கிய தளங்களையும் சுற்றுவழியில் திறக்க உதவும் வீபிஎன் என்றால் என்னவென்று கணினி படித்தவர்கள் மட்டும் அறிந்திருந்த காலம் மட்டக்களப்பில் 2018 மார்ச்சோடு முடிந்தது. அதற்கு முந்திய மாத இறுதியில் அம்பாறை நகரிலும், பிறகு கண்டி மாவட்டத்திலும் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்ததை அடுத்து அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை. இத்தனைக்கும் பிறகு வீபிஎன் இல்லாத போனைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆகவே ஒரு விளையாட்டுக் கழகமோ கோயில் பரிபாலன சபையோ தன் இணையத்தள லிங்கைப் பேஸ்புக்கில் போட்டு, அது சமூக விதிகளுக்கு முரண் என்ற அறிவித்தல் வந்தால், கை முதலில் போவது வீபிஎன் பக்கம்தான். ஐந்து சதத்துக்கும் பிரயோசனமில்லை.

காரணம், தடை வேறிடத்தில் நிற்கிறது. அரசாங்கம் தடுக்கச் சொன்னால் தடுப்பது உங்கள் டேட்டா கம்பனி. போன் ஒரு தளத்துக்குப் போகுமுன் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை விசாரிக்கும். தொடர்பு தொடங்கும்போதும் பெரும்பாலும் அந்தப் பெயரை மூடாமலே சொல்லும். கம்பனி இதைக் கேட்டு வெட்டிவிடுகிறது. வீபிஎன் அந்தப் பேச்சையெல்லாம் பூட்டி வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்கு அனுப்புவதால் கம்பனிக்கு ஒன்றும் கேட்காது. லிங்க் தடையோ பேஸ்புக்கின் சேர்வருக்குள்ளே நடப்பது. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து போட்டாலும் சிங்கப்பூரிலிருந்து போடுவதுபோல் காட்டினாலும் அங்கே போய்ச் சேரும் லிங்க் ஒன்றுதான்.

லிங்கை ஒட்டியதும் தலைப்பும் படமும் வந்து நிற்கிறதே, அது பேஸ்புக்கின் நிரல் ஒன்று உங்கள் தளத்துக்கு நேரில் வந்து எடுத்துப்போனது. யார் யார் வந்துபோனார்கள் என்று தளம் பதிந்துவைக்கும் அக்சஸ் லொக்கைத் திறந்தால், ‘பேஸ்புக் எக்ஸ்டேர்னல் ஹிட்’ என்று பெயர் சொல்லி வந்துபோன வரியைக் காணலாம். அதாவது பேஸ்புக் பார்ப்பது நீங்கள் எழுதிய எழுத்துகளை மட்டுமல்ல, அவை கொண்டுபோய் விடும் பக்கத்தையும்தான்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே பயணிக்காது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினியின் சேமிப்பு அளவில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனிக் கணக்கு. ‘மட்டக்களப்பு’ என்ற ஒரு சொல்லில் 12 குறிகள், லிங்கில் அது 108 எழுத்துகள்! முழுத் தலைப்பையும் முகவரியில் வைத்த செய்தியை யாராவது அனுப்பினால் போன் திரையில் பாதியை அதுவே பிடித்துவிடும். நம்மவர்கள் லிங்க் சுருக்கும் சேவைகளை விரும்பிப் பிடித்ததில் வியப்பில்லை. தடை வந்தாலும் அதே மருந்தைத்தான் தேடுகிறார்கள்.

சுருக்கிய லிங்குக்குள் பக்கம் எதுவும் கிடையாது. திறந்தால் அந்தச் சேர்வர் 301 என்ற எண்ணோடு, தேடுவது இன்ன முகவரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உங்கள் பிரவுசர் அங்கே போகும். பேஸ்புக்கின் நிரலும் பின்னாலேயே போகும். எத்தனை ஓட்டோ மாறி ஏறினாலும் இறங்குவது அதே வளவில்தானே. போதாததற்கு, மோசடிக்காரர்களும் அதே சுருக்கியைப் பாவிப்பதால் சில சுருக்கிகளின் பெயரே கெட்டுக் கிடக்கிறது. நல்ல லிங்கும் அதோடு சேர்ந்து அடிபடும்.

பெரிய எழுத்தில் எழுதுவது, வாலில் கேள்விக்குறி சேர்ப்பது போன்ற வித்தைகளும் எடுபடாது. உதாரணமாக, ஆபத்தான தளங்களைப் பட்டியலிட்டு எச்சரிக்கும் கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ சேவை தன் முறையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. முகவரியை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பிறகு வாலைத் துண்டு துண்டாக வெட்டியும், முன்னாலுள்ள துணைப் பெயர்களை நீக்கியும் பல வடிவங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் ஷா-256 என்ற கணக்கால் ஓர் எண்ணாக்கி, அதன் முதல் 4 பைட்டைப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் முழு எண்ணையும் சரிபார்க்கும். தளத்தின் தாய்ப்பெயரே பட்டியலில் ஏறியிருந்தால் எந்தப் பக்கமும் தப்பாது. வேறொருவரின் பெயருக்குக் கீழே இலவசமாக இடம் எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் செய்த வினைக்கும் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சரி, ஒரு பாவமும் செய்யாத கழகத் தளமோ கோயில் தளமோ ஏன் பட்டியலில் ஏறுகிறது? இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலும், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் சேர்த்த பழைய துணை நிரல் (பிளகின்) ஒன்றின் ஓட்டை வழியே யாரோ உள்ளே புகுந்திருப்பார்கள். புகுந்தவர் தளத்தை உடைப்பதில்லை. சில வரி நிரலைச் செருகிவிட்டுப் போவார். வருகிறவர் எங்கிருந்து வருகிறார், கையில் போனா கணினியா என்று அது பார்க்கும். பேஸ்புக்கிலிருந்தோ கூகுளிலிருந்தோ போனில் வந்தவரைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளும். முகவரியைத் தட்டி வரும் தளக்காரருக்கு மட்டும் தேர்த் திருவிழாப் படங்கள் வழமைபோல் தெரியும். அவர் தன் தளம் சுத்தம் என்று சத்தியம் செய்வார், பொய்யுமில்லை. கண்டுபிடிக்க வேறொருவரின் போனில், கூகுளில் தேடி அதன் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். தளக்காரர்களுக்கென்று கூகுள் வைத்திருக்கும் சேர்ச் கொன்சோல் கருவியில் பாதுகாப்புப் பகுதியையும் பாருங்கள்.

இயந்திரமும் பிழைவிடும். 2020 மார்ச் 17 அன்று கொரோனா பற்றிய நல்ல செய்திகள் பலவற்றைப் பேஸ்புக் ஸ்பாம், அதாவது குப்பைப் பதிவு என்று தூக்கியது. ஸ்பாம் வடிகட்டியில் வந்த கோளாறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே தளம் சுத்தமென்று உறுதியானதும் பேஸ்புக்கின் ‘ஷெயரிங் டிபக்கர்’ கருவியில் லிங்கைப் போட்டு, தடை காட்டினால் அங்கிருந்தே மீள்பரிசீலனை கேளுங்கள். புதுப் பெயர் வாங்கி அதே தளத்தைத் தூக்கி வைக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நேற்றுப் பிறந்த பெயருக்கு நற்பெயரும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் உங்கள் பேஸ்புக் கணக்கும் சேர்ந்து போகும்.

துப்புரவோ முறைப்பாடோ வேலை செய்யாத தடையும் ஒன்று உண்டு. செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்துக்கு மறுப்பாக 2023 ஓகஸ்டிலிருந்து பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி லிங்குகளைக் காட்டுவதில்லை. வெளிநாட்டுச் செய்தித் தளங்களுக்கும் இதே கதிதான். மட்டக்களப்புச் செய்தித் தளமொன்று இங்கே தாராளமாகப் பகிரப்பட்டுக்கொண்டிருக்க, டொரொன்டோவில் இருக்கும் மாமாவுக்கு அது தெரியாமல் போகலாம்.

அதே மெட்டாவின் வட்ஸ்அப்பில் நிலைமை வேறு. செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு பெறுகிறவரின் போனில்தான் திறக்கிறது. நடுவிலுள்ள சேர்வருக்கு லிங்க் தெரியாது, பட்டியலோடு ஒப்பிடவும் முடியாது. போலி எழுத்துகள் கலந்த லிங்குக்குச் சந்தேகக் குறி போடுவதும் போனுக்குள் நடக்கும் வேலைதான். தலைப்பையும் படத்தையும்கூட அனுப்புகிறவரின் போன்தான் போய் எடுத்துவருகிறது. அதனால் படுவான்கரைப் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்திலிருந்து அனுப்புவதென்றால், லிங்கை ஒட்டிவிட்டுப் படம் வரும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் மாமாவுக்கு அந்த 108 எழுத்து மட்டும்தான் போய்ச்சேரும்.