வாக்குத்தத்த அட்டையும் மாத்திரை அட்டையும்

ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கினால் என் கிளினிக்கில் சர்க்கரை அளவுகள் ஏற ஆரம்பிக்கும். கிறிஸ்துமஸ் கேக், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் ஒரு காரணம். அது கவலைப்படும்படியானதில்லை, பிப்ரவரியில் பாதி தானாக இறங்கிவிடும். இறங்காத ரகம் ஒன்று உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புதுவருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள்.

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, வெள்ளறடை பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையும் என் காத்திருப்பு பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நானும் அதே இரவு ஆராதனையில் வரிசையில் நின்று அட்டை எடுக்கிறவன்தான். ஆகவே இதை வெளியாள் செய்யும் கேலியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிறிஸ்தவ விசுவாசம் நிற்பதே வாக்குத்தத்தத்தின்மேல்தான். அதை உருவிவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் ஒழுக்கப் பாடமும் சில நல்ல பாட்டுகளும். ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் இருந்த 25 வருஷமும் அவர் கையில் இருந்தது, சந்ததி உண்டாகும் என்று கடவுள் கொடுத்த ஒரு சொல் மட்டுமே. சொன்னவர் நிறைவேற்ற வல்லவர் என்று அவர் முழு நிச்சயமாய் நம்பினார் என்கிறது ரோமர் 4. எனவே "வசனத்தை நம்பாதீர்கள், மாத்திரையை நம்புங்கள்" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொல்கிற மருத்துவரிடம் எங்கள் ஊர் அம்மாமார் இரண்டாம் தடவை வரவும் மாட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அட்டையில் இருக்கிற ஒரு வரியோடு நிறுத்தாமல் வேதாகமத்தைத் திறந்து அதன் முன்னும் பின்னும் வாசியுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். புதுவருஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது யாத்திராகமம் 15:26, "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்". மாத்திரையும் இன்சுலினும் அன்றோடு நின்றன. கால் விரலிடுக்கில் புண் வந்து நாற்றமெடுத்த பிறகுதான் மகள் கூட்டிவந்தாள். "சாரே, கர்த்தரே பரிகாரின்னு வசனம் தந்திருக்கும்போ, மாத்திரையையும் விழுங்கினா அது அவிசுவாசம் ஆயிராதா?" என்றார். கேள்வியில் கள்ளம் கிடையாது. அதனால் நானும் நேராகவே சொன்னேன்: "அம்மா, அதுக்கு முந்தின வசனத்தை வாசிச்சுப் பாருங்க. மாராவில தண்ணி கசந்தப்போ கர்த்தர் மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினாரு. அதைத் தண்ணியில போட்ட பிறகுதான் இனிச்சுது. மரமே இல்லாம இனிப்பாக்க அவரால முடியாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. மகள் பையிலிருந்த வேதாகமத்தை எடுத்துப் புரட்டினாள்.

எசேக்கியா ராஜாவின் கதை இதைவிட வெளிச்சமானது. சாகப்போகிறாய் என்று சொல்லப்பட்டவர் அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுசு கூட்டித் தரப்பட்டது. சூரியக் கடிகாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னிட்டுத் திரும்பியது. இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் யாருக்குக் கிடைக்கும்? அதே அதிகாரத்தில், ஏசாயா 38:21இல், அத்திப்பழ அடையைப் பிளவை என்கிற கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. (பிளவை என்று கேட்டாலே சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. ராஜாவுக்குச் சர்க்கரை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை.) வாக்குத்தத்தம் கிடைத்துவிட்டதே, பற்று எதற்கு என்று எசேக்கியா கேட்டதாக எங்கும் எழுதியில்லை.

மறுபக்கமும் உண்டு. வாக்குத்தத்த வசனத்தைத் தவறாகப் பிடித்து நீட்டியவன் யார் என்று மத்தேயு 4 சொல்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திவைத்து, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று 91ஆம் சங்கீதத்தைச் சொன்னவன் பிசாசு. நம் வீடுகளில் அதிகம் மனப்பாடமான சங்கீதங்களில் அதுவும் ஒன்று. வசனம் பொய்யில்லை. குதிப்பதுதான் தப்பு. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது இயேசுவின் பதில். இன்சுலின் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு "இனி நீர் பார்த்துக்கொள்ளும்" என்பதும் அந்த உப்பரிகை விளிம்புதான்.

குதித்தால் உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரையில் இன்சுலினை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தம் அமிலமாக ஆரம்பிக்கும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று போய் உயிரையே எடுக்கலாம். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். வால்வு ஆபரேஷன் ஆனவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விட்டால் வால்விலேயே ரத்தம் கட்டலாம். ரொம்பவும் ஏமாற்றுவது காசநோய். வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தில் இரண்டாம் மாதமே இருமல் நின்று எடை கூடிவிடும். பார்ப்பவர்களுக்கு அற்புதம் மாதிரியே இருக்கும். அங்கே நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வரக்கூடும், அதுவும் வீட்டிலுள்ளவர்களையும் சேர்த்துப் பிடிக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் "எனக்கு ஒண்ணும் தோணல்லியே" என்பார்கள். தோன்றாது, அந்த நோயின் குணமே அது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் உபவாசம் இருப்பவர்கள் சர்க்கரை மருந்தை வழக்கம்போல் போட்டாலும் ஆபத்து, தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். உபவாசத்துக்கு முன்னால் ஒரு போன் செய்தால் அளவை மாற்றித் தரலாம்.

மருந்து நிறுத்துவதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. ரப்பர் பால்வெட்டு வேலை பார்த்த ஒருவர். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி.யில் சிகிச்சை முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டவர். இப்படி வலியைத் தணித்துப் பார்க்கிற பராமரிப்புக்கென்று கேரளம் 2008லேயே கொள்கை வகுத்த மாநிலம். பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்துபோனார். கூடவே ஜெபிக்க வந்த சிலர், "விசுவாசம் இருந்தா இதுக்குள்ள எழும்பியிருப்பாரு" என்று முற்றத்தில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். உள்ளே படுத்திருந்தவருக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் போனபோது, "நான் நம்பினது போதாதா சாரே?" என்று கேட்டார். வலிக்கு மருந்து எழுதலாம், இதற்கு என்ன எழுதுவது?

எபிரெயர் 11ஐ எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். விசுவாச வீரர்கள் என்று நாம் பிரசங்கிக்கிற அத்தனை பேரையும் பட்டியலிடும் அதே அதிகாரம், 13ஆம் வசனத்தில், அவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது. பவுல் தன் உடம்பை வாதித்த ஒரு வேதனையை முள் என்கிறார், அது நீங்க மூன்று தரம் வேண்டினார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த முற்றத்தில் நின்று பேசுவது? ஏசாயா 43இல் இருப்பதும் "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்பதுதான். தண்ணீரே வராது என்று அங்கே சொல்லவில்லை. அவர் மனைவி அதன்பிறகு தினமும் அந்த அதிகாரத்தை வாசித்தார். ஆள் பிழைக்கவில்லை. ஆனால் "போதாதா" என்ற கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

இந்த மண்ணில் ஜெபமும் வைத்தியமும் கைகோத்து நடந்த வரலாறு உண்டு என்பது இளைய போதகர்களுக்கு நினைவிருக்க வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்து நெய்யூரில் 1838லேயே மிஷன் வைத்தியம் தொடங்கியாயிற்று. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை விட்டு இங்கேயே அறுவை மருத்துவராக வந்தார். கத்தி பிடிப்பதை விசுவாசக் குறைவாக அந்த மிஷனரி நினைக்கவில்லை.

சரி, நிஜமாகவே சுகம் கிடைத்துவிட்டது என்று ஒருவருக்கு உறுதியாகத் தோன்றினால்? லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். லேவியராகமம் 14இன்படி சோதித்துப் பார்த்துச் சுத்தம் என்று சொல்ல வேண்டியவன் ஆசாரியன். அதேபோல நீங்களும் மருந்தை நிறுத்தாமல் வந்து காண்பியுங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுப்போம், வலிப்பென்றால் நரம்பு மருத்துவரிடம் அனுப்புவேன், காசநோயென்றால் சளி பார்ப்போம். எடை குறைந்து நடை கூடியவர்களுக்கு மாத்திரை குறைவது நான் அடிக்கடி பார்ப்பதுதான். ரிப்போர்ட் இடம் கொடுத்தால் நானே குறைத்து எழுதித் தருவேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப் போகும்போது அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோகலாம்.