உறைபெட்டியில் காத்திருக்கும் ரத்தம்

“ஆய்வுக்காக நீங்கள் எடுத்துச் சேமிக்கும் இந்த ரத்தத்தால் என் மகனுக்குக் குணமாகிவிடுமா டாக்டர்?” என்று ஒரு தாய் கேட்டார். “ஆகாது அம்மா. இவருக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை. நாளை இதே நோய் வருகிறவர்களுக்கு உதவக்கூடும்” என்றேன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயிலிருந்து தேறிவந்த அந்த இளைஞர் ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தார், சந்தேகம் கேட்டார், தானே கையெழுத்திட்டார். நோய் வந்துவிட்டது என்பதற்காக, முடிவெடுக்கும் உரிமை ஒருவரை விட்டுப் போய்விடாது.

அன்று எடுத்த ரத்தம் சிறு சிறு குழாய்களில் பிரிக்கப்பட்டு, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குள் போனது. ஒரே குழாயில் வைத்தால் ஒவ்வொரு ஆய்வுக்கும் மொத்தத்தையும் உருக்கி மறுபடி உறையவைக்க வேண்டும், புரதங்களும், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வும் அதில் சிதையும்.

என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. சேகரித்தவர் ‘இது என்னுடையது’ என்று பூட்டி வைத்துக்கொள்கிறார். ஆய்வுக்குக் கேட்கும் மற்ற ஆய்வாளருக்குப் பதில்கூடப் போவதில்லை. மனநோய் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. இங்கே ஒற்றை மரபணுவின் மேல் பழிபோட முடியாது. நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் இம்மியளவு பங்கு வகிக்கின்றன. 2022-இல் வெளியான மனச்சிதைவு ஆய்வு, 76,755 நோயாளிகளையும் நோயில்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டுத்தான் 287 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. எந்தத் தனி மருத்துவமனையால் இத்தனை பேரைத் திரட்ட முடியும்?

குழாயோடு விவரமும் வர வேண்டும். ஒருமுறை எங்களிடம் வந்த படிவங்களில், ‘மருந்து’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக? ரத்தத்தில் தெரியும் மாற்றம் நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா, புகைப்பழக்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் 1990 முதல் ரத்தம் கொடுத்தது, தங்களை வாட்டிய நீரிழிவுக்கு விடை கிடைக்கும் என்று நம்பித்தான். அதே ரத்தம் தங்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு ஆய்வுக்கும், தங்கள் பூர்வீகம் பற்றிய ஆய்வுக்கும் பயன்பட்டது என்று அறிந்து வழக்குத் தொடர்ந்தார்கள். 2010-இல் சமரசம் ஏற்பட்டு, எஞ்சிய ரத்தம் அவர்களிடமே திரும்பியது.

ஆகவே, ஆய்வாளரின் விண்ணப்பம் வந்ததும் நான் முதலில் எடுப்பது, ரத்தம் கொடுத்தவரின் ஒப்புதல் படிவத்தைத்தான். அவர் சம்மதித்த எல்லைக்குள் இந்த ஆய்வு வருகிறதா? நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? பெயருக்குப் பதில் குறியீட்டு எண் மட்டுமே வெளியே போகும். ஆனால் டி.என்.ஏ.வே ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. அதனால், ரத்தம் கொடுத்தவர் யாரென்று தேட மாட்டோம் என்றும் ஆய்வாளரிடம் எழுதி வாங்குகிறோம்.

ரத்தம் கொடுத்தவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஒரு பெண்மணி அப்படித் தொலைபேசியில் சொன்னார். காரணம் கேட்கவில்லை, அவருடைய ஆறு குழாய்களையும் அன்றே எடுத்து அழித்தோம். ஏற்கெனவே ஆய்வுத் தொகுப்பில் கலந்துவிட்ட முடிவுகளை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை. கையெழுத்திடும் முன்பே இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தோம். அவருக்கும் அது நினைவில் இருந்தது.