ஆறிய புண்ணை நம்ப வேண்டாம்: சிபிலிஸின் நிலைகளும் சிகிச்சையும்

சிபிலிஸ் என்னும் மேகநோயோடு தர்மபுரியில் என்னிடம் வருபவர்களில் பலர், முதல் புண் தோன்றியபோது வருவதில்லை. அது ஆறிப் பல மாதங்கள் கழிந்த பிறகே வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தொற்று ஏற்பட்ட 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ தோன்றும் அந்தப் புண் பொதுவாக வலிப்பதில்லை. சிகிச்சையே எடுக்காவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் தானாக ஆறிவிடும். இடையில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசியிருந்தால், அதுவே குணப்படுத்தியது என்று நம்பிவிடுகிறார்கள். கிருமியோ அதற்குள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவியிருக்கும். பெண்களுக்குக் கருப்பை வாயில் புண் இருந்தால், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சில வாரங்களில் தொடங்கும் இரண்டாம் நிலையில் உடம்பிலும், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், செம்பழுப்பு நிறத் தடிப்புகள் தோன்றும். ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குச் செல்பவர்கள் இதைச் சிமென்ட் ஒவ்வாமை என்றே எண்ணுகிறார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் அரிக்கும். இந்தத் தடிப்பு பெரும்பாலும் அரிப்பதில்லை. கூடவே காய்ச்சல், நெறிகட்டுதல், திட்டுத் திட்டாக முடி உதிர்தல் ஆகியவையும் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இவையும் தானாக மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இராது. சிகிச்சை பெறாத சிலருக்கு 10 முதல் 30 ஆண்டுகள் கழித்துப் பெருந்தமனியும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. நரம்பு, கண், காது ஆகியவை எந்த நிலையிலும் பாதிக்கப்படலாம் என்பதால், பார்வை மங்கினாலோ காது மந்தமானாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இத்தனை தூரம் செல்லும் நோய்க்கு மருந்து மிகப் பழையது, விலை குறைந்தது. தொடக்க நிலைகளில் பென்சாதின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் இடுப்பில் ஒரே ஒரு முறை போடப்படுகிறது. அறிகுறியே இல்லாமல் நோய் உடலில் தங்கியிருக்கும் நாள்பட்ட மறைநிலைக்கு வாரம் ஒன்றாக மூன்று முறை. நரம்பு மண்டலம், கண், காது பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவமனையில் தங்கி, இரத்தக் குழாய் வழியே பெனிசிலின் பெற வேண்டும். முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் அழிவதால் உண்டாகும் இதை ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அடுத்த ஊசிக்கு வராமல் நின்றுவிடுபவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் அது உண்மையான ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பெனிசிலின் சேராதவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு.

ஊசியோடு வேலை முடிவதில்லை. வி.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று 6, 12 மாதங்களில் பார்க்க வேண்டும். துணைவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அவசியம். இல்லையேல் குணமானவருக்கே மறுபடியும் தொற்றும். "வீட்டில் எப்படிச் சொல்வது, டாக்டர்?" என்று தலைகுனிந்து கேட்பவர்களிடம், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து நானே பேசுகிறேன் என்றுதான் சொல்கிறேன். நேரில் கேட்கத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது. பெனிசிலின்தான் குழந்தையைக் காக்கும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பாவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், கர்ப்பம் உறுதியான முதல் வருகையிலேயே சிபிலிஸ் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.