இறகால் ஒலிக்கும் ஈப்பிடிப்பான்

அலகைத் திறக்காமலே பறவையால் ஒலி எழுப்ப முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். தென் அமெரிக்காவின் கவைவால் ஈப்பிடிப்பான் (டைரானஸ் சவானா) அதற்கு நல்ல சான்று. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் நம் ஊர் ஈப்பிடிப்பான்களுக்கு இது நெருங்கிய உறவு அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும், 400-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுத்த தலை, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, உடலைவிட நீண்டு இரண்டாகப் பிரியும் வால் ஆகியவை இதன் அடையாளம்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் நிற்கும் புல்வெளிதான் இதற்கு ஏற்ற இடம். மரக்கிளையிலோ வேலிக்கம்பியிலோ காத்திருந்து, பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். அர்ஜென்டினாவின் பம்பாஸ், பிரேசிலின் செராடோ போன்ற பகுதிகளில் கூடு கட்டும் துணையினம் (ஓர் இனத்துக்குள் அடங்கும் பிரிவு), தெற்கில் குளிர்காலம் வருமுன்பே வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் லானோஸ் சமவெளிக்கு வலசை போய்விடுகிறது. வடபகுதியில் ஆண்டு முழுவதும் தங்கும் இன்னொரு துணையினமும் உண்டு.

ஒலி பிறப்பது ஆண் பறவையின் இறக்கை நுனியில். அங்குள்ள வெளியோர இறகுகள் சில, முனையருகே திடீரென ஒடுங்கியிருக்கும். இறக்கையைக் கீழ்நோக்கி வீசும்போது விரையும் காற்று அந்த ஒடுங்கிய பகுதியை வளைக்கிறது. இறகின் மீள்தன்மை அதைப் பழைய நிலைக்கு இழுக்கிறது. திரும்பும் வேகத்தில் அது மறுபக்கம் சாய, காற்று மீண்டும் தள்ளுகிறது. வேகம் குறைவாக இருந்தால் இந்த அசைவை இறகே தணித்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், தணியும் ஆற்றலைவிடக் காற்று ஊட்டும் ஆற்றல் மிகுந்துவிடுவதால், இறகு சீரான அதிர்வெண்ணில் துடிக்கத் தொடங்குகிறது. வயலில் குருவி விரட்டக் கட்டும் கேசட் நாடா காற்று வலுத்தவுடன் ரீங்கரிப்பதும் இதே காற்று மீள்விசைத் துடிப்பால்தான். ஆகவே நிதானமாகப் பறக்கும்போது வராத ஒலி, விடியலுக்கு முன் தன்னைக் காட்டிக்கொள்ளப் பறக்கும் காட்சிப் பறத்தலிலும், எல்லைச் சண்டையிலும், கூட்டை நெருங்கும் எதிரியைத் தாக்கும்போதும், தப்பி ஓடும்போதும் எழுகிறது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஆய்வாளர்கள் பறவைகளை அதிவேகக் காணொளியில் படம் பிடித்தனர். பின்பு இறகுகளைக் காற்றுச் சுரங்கத்தில் பொருத்திக் காற்றைச் செலுத்தியபோது, இயற்கைச் சூழலில் பதிவான அதே அதிர்வெண்கள் கிடைத்தன. இரு துணையினங்களின் இறகுகளும் வடிவம் வேறுபடும் இடங்களிலேயே துடித்ததால், ஒலியின் சுருதியும் வேறுபட்டது. வலசை போகும் பறவையும் போகாத பறவையும் ஆளுக்கொரு வட்டார வழக்கில் பேசுவதாக இதைச் சொல்வதில் தவறில்லை.

இதனால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்டே இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி மறுப்பது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த கேள்வி இப்போதே காத்திருக்கிறது. வலசைக் காலத்தில் இரு துணையினங்களும் ஒரே சமவெளியில் தங்கும்போது, மற்றதன் இறகொலியை ஒரு பறவை வேற்றொலி எனப் பிரித்தறிகிறதா? இரு ஒலிகளையும் மாறி மாறி ஒலிக்கவிட்டு, பறவை எதற்குப் பாய்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.