சார்வு: கோர்ட்டுத் தமிழில் ஒரு சொல்

புரோநோட்டை வைத்துக் கடன்காரர் மேல் வழக்குப் போட்டாயிற்று. அவர் வீடோ பூட்டிக் கிடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் குமாஸ்தா சொல்வது இதைத்தான்: “பிரதிவாதிக்கு இன்னும் சார்வு ஆகலைங்க.”

அரசு அலுவலகங்களிலும் இந்தச் சொல் உண்டு. ‘குறிப்பாணையைச் சார்வு செய்து ஒப்புதல் பெற்று அனுப்புக’ என்று எழுதுவார்கள். உரியவரிடம் சட்டப்படி சேர்த்துவிட்டோம் என்பதுதான் பொருள். ஆனால் தமிழில் ‘சார்வு’ என்றால் துணை, பற்றுக்கோடு, புகலிடம். துரத்தி வரும் சம்மனில் ஏது புகலிடம்? ‘சர்வ்’ என்ற ஆங்கில வினைதான் தமிழ் வேடம் கட்டி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வினையின் வேர், அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்ற லத்தீன் சொல். ‘சார்வு’ பேச்சுவழக்கு என நினைத்துச் சிலர் ‘சார்பு செய்யப்பட்டது’ என்று திருத்துகிறார்கள். அது இன்னும் மோசம். ஒருவர் பொருட்டு என்றாகிவிடுகிறது.

சம்மன் கதை வேறு. ஆங்கிலத்தில் ‘சம்மன்ஸ்’ என்பதே ஒருமை. கடைசி எழுத்தைப் பன்மை விகுதி என்று உதிர்த்துவிட்டு, நாம் ‘சம்மன்கள்’ என்கிறோம். இதற்கு ‘அழைப்பாணை’ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நன்றாக ஊன்றிவிட்டது. அதைக் கொண்டுவரும் அமீனா, நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருள்கொண்ட ‘அமீன்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தவர். வேலைவாய்ப்பு அறிவிக்கைகளில் இப்போது ‘கட்டளை நிறைவேற்றுநர்’.

ஆளைப் பிடிக்க முடியாதபோது என்ன செய்வது என்பதை 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5 சொல்கிறது. ஆள் இல்லை, விரைவில் வருவார் என்ற நம்பிக்கையும் இல்லை, அவர் சார்பில் பெற்றுக்கொள்ள முகவரும் இல்லை என்றால் உடன் வசிக்கும், வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். மூலச் சட்டம் ஆண்களை மட்டுமே ஏற்றது. 1976 திருத்தம் பெண்களையும் சேர்த்தது. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது.

அதற்கும் வழியில்லையா? முறையாகத் தேடிப் பார்த்த பிறகு, வெளிக்கதவில் ஒரு நகலை ஒட்டலாம் என்கிறது விதி 17. வெறுமனே ஒட்டிவிட்டு வந்தால் போதாது. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்றெல்லாம் அறிக்கை எழுதித் தர வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிய அறிக்கைகள் குறுக்கு விசாரணையில் சிக்குவது இங்கேதான்.

வேண்டுமென்றே ஒளிகிறார் என்று நீதிமன்றம் நம்பினால் விதி 20. அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் ஓடும் நாளிதழில் விளம்பரம் வெளியிடலாம். ‘நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்’ என்று முடியும் அந்தக் கட்டம் கட்டிய அறிவிப்புகள் இந்த வகைதான். படித்தாரோ இல்லையோ, நேரில் கொடுத்ததற்குச் சமம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வழங்குதல்’ ஒத்துவராது, கதவுக்கு எதையும் வழங்க முடியாது. ‘சேர்ப்பித்தல்’, சுருக்கமாகச் ‘சேர்ப்பு’ என்பதே என் தேர்வு. விதி 17-க்குக் ‘கதவொட்டுச் சேர்ப்பு’, விதி 20-க்குப் ‘பதிலிச் சேர்ப்பு’ எனலாம்.

பதிலி என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது. மற்றபடி நேரில் கொடுத்ததற்குச் சமம் என்றாலும், 1963 காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் உறுப்பு தன் அளவில் விதி 20 முறையை ‘உரிய சேர்ப்பு’ ஆகக் கொள்வதில்லை. ஆகவே ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரும் 30 நாள் கெடு, அந்தக் கடன்காரருக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.