மேல்மாடி அறை இரவில் ஏன் புழுங்குகிறது?

சித்திரை மாதத்து இரவு எட்டு மணிக்கு, கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே உள்ள படுக்கையறையில் நாற்காலியின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையை உட்கூரைக்கு ஒரு சாண் கீழே, தொடாமல் பிடித்துப் பாருங்கள். அடுப்பை அணைத்துச் சற்று நேரமான தோசைக்கல்லின் அருகே கை நீட்டியது போன்ற வெம்மை தெரியும். வெளியே சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தெருவில் காற்றின் சூடு தணிந்திருக்கும். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவர்கள் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். மேல்தளத்தில் மட்டும் மின்விசிறி சுழலச் சுழல அனல் இறங்கிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கூரைக்கு எந்தச் செலவு பயன் தரும், எது வீண் என்பதைப் பெரும்பாலும் நாமே முடிவு செய்துவிடலாம்.

தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வரையிலான வட அட்சரேகைகளுக்குள் அமைந்திருப்பதால், கோடையின் நடுவே சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகலில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் விழாத நாள் வருகிறது. அந்த வேளையில் சுவர்களின் மேல் வெயில் சாய்ந்து உரசிச் செல்ல, மொட்டை மாடியின் மேல் செங்குத்தாக இறங்குகிறது. மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் விழும் ஆற்றல் 900 முதல் 1,000 வாட் வரை இருக்கும். குளிர் நாடுகளில் வீட்டின் வெப்பச் சிக்கல் சுவர், சன்னல், கதவு எனப் பல வழிகளில் பிரிந்து கிடக்கிறது. நம் ஊரில், அதிலும் மேல்தளத்து வீட்டில், அதன் பெரும்பகுதி கூரையிலேயே இருக்கிறது.

கூரைத்தளம் எவ்வளவு வெப்பத்தைச் சேமித்து வைக்கக்கூடியது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். 1,000 சதுர அடிப் பரப்பும் 5 அங்குலக் கனமும் உள்ள கான்கிரீட் தளம் ஏறத்தாழ 27 டன் எடை கொண்டது. அதன் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர வேண்டுமானால் சுமார் ஆறரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் தேவை. காலையிலிருந்து மாலைக்குள் அந்தத் தளம் முழுவதும் சராசரியாக 10 டிகிரி சூடேறினால், 65 யூனிட் அளவுக்கான வெப்பம் நம் தலைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அது எங்கேனும் வெளியேறியாக வேண்டும். ஒரு பங்கு வானத்தை நோக்கியும், மறுபங்கு அறையை நோக்கியும் போகிறது.

வெப்பம் கான்கிரீட்டை ஊடுருவ நேரமும் பிடிக்கிறது. மேற்பரப்பு நண்பகலைத் தாண்டிச் சற்று நேரத்தில் உச்சச் சூட்டை அடைந்தாலும், அந்த அலை 5 அங்குலத் தளத்தைக் கடந்து உட்கூரையை எட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மேலே தட்டோடும் அதன் அடியில் செங்கல் ஜல்லியும் இருந்தால் இன்னும் ஓரிரு மணி நேரம் கூடுகிறது. ஆகவே பிற்பகலின் வெயில் நம்மை வந்தடைவது மாலையிலும் முன்னிரவிலும்தான். அலுவலகம், பள்ளி போன்ற பகல் நேரக் கட்டடங்களுக்கு இந்தத் தாமதம் நல்லது. உறங்குவதற்கான வீட்டுக்கு அது தவறான வேளையில் வந்து சேர்கிறது.

அறைக்குள் வெப்பம் இறங்கும் விதம்தான் பலரும் கவனிக்காதது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளைப் பள்ளியில் படித்திருக்கிறோம். சூடான உட்கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால், சலனத்தால் கீழே இறங்கும் வெப்பம் குறைவு. பெரும்பங்கு வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக உட்கூரையிலிருந்து நேரே நம் உடலுக்கும், கட்டிலுக்கும், தரைக்கும் வருகிறது. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33, 34 டிகிரி. உட்கூரை 40 டிகிரியைத் தாண்டி நின்றால், உடல் தன் வெப்பத்தை மேல்நோக்கி இழப்பதற்குப் பதிலாக அங்கிருந்து வாங்கிக்கொள்கிறது. மின்விசிறி வியர்வையை ஆவியாக்கி உதவுமே தவிர, இந்தக் கதிர்களைத் தடுக்காது. மேலே தேங்கி நிற்கும் சூடான காற்றையும் கீழே இழுத்து நம் மேல் விடுகிறது. அறையின் காற்று 32 டிகிரிதான் என்று வெப்பமானி காட்டும்போதும் உள்ளே இருப்பவருக்கு வெந்து போவது போல் இருப்பதன் காரணம் இதுவே.

இதற்கான முதல் மருந்து கூரையின் வெளிப்பரப்பில் இருக்கிறது. வெயிலில் கறுத்துப் பாசி படிந்த பழைய சிமென்ட் தளம், தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெண்தளம் முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைப் பூச்சுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: பகலில் ஒளியைத் திருப்பும் அதே பரப்பு, இரவில் அகச்சிவப்புக் கதிர்களை வானத்தை நோக்கித் தாராளமாக வீசித் தளத்தைக் குளிர்விக்கிறது. பளபளக்கும் அலுமினியப் பூச்சு அப்படியில்லை; ஒளியை ஓரளவு திருப்பினாலும், இரவில் கதிர்வீசும் திறன் குறைந்திருப்பதால் வாங்கிய சூட்டை விடாமல் வைத்துக்கொள்கிறது. மின்னுவதெல்லாம் குளிர்ச்சி தரும் என்று எண்ணி அலுமினியப் பூச்சை வாங்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வெயிலை இப்படித் திருப்பி அனுப்பும் ‘குளிர்கூரை’களுக்கென்று தெலங்கானா அரசு 2023-இல் தனிக் கொள்கையையே வெளியிட்டது. செலவைப் பார்த்தால், வெள்ளைப் பூச்சுக்கு இணையான முதல் நடவடிக்கை வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

அடுத்தது வெப்பக்காப்பு. அசையாமல் அடைபட்ட காற்று, எளிதில் கிடைக்கும் பொருள்களில் மிக நல்ல வெப்பத் தடுப்பான். தெர்மோகோல், நுரைப் பலகை, கண்ணாடி இழை, தென்னை நார் ஆகிய அனைத்தும் செய்வது காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்பிடிப்பதுதான். சமையலறையில் சோற்றுப் பானையைச் சணல் சாக்கில் சுற்றி வைப்பதும் இதே தத்துவம். கான்கிரீட் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தோடு ஒப்பிட்டால், 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் தரும் தடையை வெறும் கான்கிரீட்டால் பெறுவதற்கு இரண்டு மீட்டருக்கு மேல் கனமுள்ள தளம் போட வேண்டியிருக்கும். கூரையைத் தடிமனாக்கினால் வீடு குளிரும் என்ற நம்பிக்கை எவ்வளவு செலவு மிக்கது என்பது இந்த ஒப்பீட்டில் தெரிகிறது.

சென்னையின் பழைய வீடுகளில் காணப்படும் மெட்ராஸ் டெரஸ் இந்த அறிவின் ஒரு வடிவம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, முடிவில் தட்டோடு பதித்தார்கள். செங்கல் ஜல்லியின் நுண்துளைகள் காற்றை ஏந்தி நின்றன. இன்றும் கான்கிரீட் தளத்தின் மேல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சியே. ஆயினும் அதன் வெப்பத் தடை நுரைப் பலகையின் தடைக்கு ஈடாகாது; வெப்பத்தைத் தாமதப்படுத்துவதும், நீரைச் சரித்து வடிப்பதுமே அதன் வலிமை.

வெப்பக்காப்பைத் தளத்தின் மேலே வைப்பதா, கீழே ஒட்டுவதா என்ற கேள்வியைப் பலர் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். இதில் தயக்கத்துக்கே இடமில்லை; வாய்ப்பு இருக்குமானால் மேலேதான் வைக்க வேண்டும். கீழே ஒட்டினால் அந்த 27 டன் கான்கிரீட் வழக்கம்போல் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 25 டிகிரி ஏறி இறங்கும்போது சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. கைப்பிடிச் சுவரின் அடியிலும், உள்ளே சுவரும் கூரையும் சேரும் இடத்திலும் ஓடும் நீளமான விரிசல்களில் பல இப்படித் தோன்றுபவையே. மழைக்காலத்தில் அவற்றின் வழியே நீர் இறங்குகிறது. மேலே பலகை பதித்தால் தளம் நிழலில் இருக்கிறது, நீர்க்காப்புப் பூச்சின் ஆயுளும் நீள்கிறது. தளத்தின் மேல் நீர்க்காப்பு, அதன் மேல் மிதித்தாலும் நசுங்காத அடர்த்தியான நுரைப் பலகை, அதன் மேல் காரை, கடைசியில் வெள்ளை ஓடு என்ற அடுக்கு வரிசை நல்லது. பலகைக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது, ஏனெனில் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. நனைந்த காப்பு ஏறத்தாழக் காப்பே இல்லாததற்குச் சமம். தெர்மோகோலை அறைக்குள் மூடாமல் ஒட்டுவது தீ ஆபத்தையும் வரவழைக்கும்.

இனிக் காற்றோட்டத்துக்கு வருவோம். கூரைக்கும் விதானத்துக்கும் நடுவே காற்று நடமாடும் இடைவெளி விடுவது நம்மிடம் பழைய வழக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில், சரிந்த ஓட்டுக் கூரையின் கீழே மர மச்சும், முக்கோண முகப்புகளில் மரச்சட்டங்களுக்கு நடுவே காற்று புகும் திறப்புகளும் இருப்பதைக் காணலாம். ஓடு சூடேறும்போது அதன் அடியிலுள்ள காற்றும் சூடாகி மேலே எழுந்து, முகடு, ஓட்டிடுக்கு, முகப்பு ஆகியவற்றின் வழியே வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பத் தாழ்வாரத்தின் பக்கத்திலிருந்து புதுக்காற்று ஏறி வருகிறது. உயரத்தில் ஒரு வழியும் தாழ்வில் ஒரு வழியும் இல்லாவிட்டால் இந்த ஓட்டம் நடக்காது.

வட அமெரிக்க வீடுகளின் சாய்கூரைக்கு அடியில் இருக்கும் பரணிலும் இதே அமைப்பு உண்டு. பரணின் தரைப்பரப்பில் 300-இல் ஒரு பங்கு அளவுக்குக் காற்றுத் திறப்பு வேண்டும் என்ற விதி அங்கே 1942 முதல் அரசு வீட்டு வசதி அமைப்பின் தர அளவில் இடம்பெற்றது. அதன் முதன்மை நோக்கம் குளிர்காலத்து ஈரத்தை வெளியேற்றுவது: சமையலும் குளியலும் உண்டாக்கும் நீராவி பரணுக்குள் ஏறி, உறைந்த கூரைப் பலகையில் நீராகப் படிந்து மரத்தை உளுக்கச் செய்யாமல் காப்பது. நம் கடற்கரை ஊர்களில் ஈரத்தின் திசை எதிரானது. குளிர்பதனம் செய்த அறையின் குளிர்ந்த பரப்பை நோக்கி, வெளியிலிருக்கும் ஈரக்காற்று வருகிறது. ஆகவே அந்த நாட்டுப் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, குளிரூட்டப்படும் அறையின் விதானத்துக்கு மேலே வெளிக்காற்றைத் திறந்துவிட்டால், பூஞ்சை படிய நாமே வழி செய்தவர்களாவோம்.

காற்றோட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இடைவெளியின் குறுக்கே கீழ்நோக்கி வரும் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீச்சு என்று பார்த்தோம். காற்று எவ்வளவு வேகமாக ஓடினாலும் கதிர்கள் அதைத் தாண்டி வந்துவிடும். இடைவெளியின் மேற்புறத்தில், பளபளப்பான முகம் கீழே பார்க்கும்படி அலுமினியத் தாளைப் பொருத்தினால் அந்தக் கதிர்வீச்சில் மிகப் பெரும்பங்கு நின்றுவிடுகிறது. தாளுக்கும் அடுத்த பரப்புக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தே ஆக வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி ஒட்டிய தாள் வெப்பத்தைக் கடத்தும் உலோகம் மட்டுமே. மேல்நோக்கி வைத்த தாளின் மேல் தூசி படிந்து அதன் பயன் சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதாலேயே கீழ்முகமாக வைக்கச் சொல்கிறேன். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் மட்டும் போட்டு அனல் குறையும் என்று காத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது சிறு பலனே.

மொட்டை மாடியின் மேல் கம்பி நட்டு ஷீட் வேய்வது இன்று ஊரெங்கும் பரவியிருக்கிறது. நான்கு பக்கமும் திறந்திருக்கும்வரை அது நல்ல இரட்டைக் கூரையாக வேலை செய்கிறது. ஷீட் சுடச்சுடக் காய்ந்தாலும் அதன் அடியில் வீசும் காற்று வெப்பத்தை அடித்துச் சென்றுவிடுகிறது. பின்னர் பக்கங்களை அடைத்து அறையாக்கிவிட்டால் அந்த நன்மை போய்விடும். சூரிய மின்தகடுகளும் இவ்வாறே நிழல் தருகின்றன. சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தகடுகள் பொருத்திய கூரைக்குள் வரும் வெப்பம் 38 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டுப் பொருத்துவது இதனால் இரட்டை ஆதாயம், ஏனெனில் தகடு சூடேறினால் மின் உற்பத்தியும் குறையும்.

மின்கட்டணத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். 120 சதுர அடி அறை, உள்ளே 28 டிகிரி, மேலே வெறும் கான்கிரீட் தளம் 55 டிகிரியில் நிலைத்து நிற்பதாகக் கொண்டால், கூரை வழியே சுமார் 1,200 வாட் வெப்பம் இறங்கும். ஒரு டன் குளிர்பதனி நீக்கக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு கூரையோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. 5 சென்டிமீட்டர் நுரைப் பலகை இருந்தால் அதே நிலையில் இறங்குவது 180 வாட்டுக்கும் குறைவு. இந்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் வீட்டுக் கட்டட விதித் தொகுப்பு, கூரை கடத்தும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 1.2 வாட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறது. வெறும் கான்கிரீட் தளம் கடத்துவது சுமார் 3.5 வாட், ஓர் அங்குலப் பலகை வைத்தாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம். வீடு கட்டும்போதே இதைச் செய்பவர் இன்னும் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் தளத்தைக் கொத்தி எடுத்துப் பின்னால் சேர்க்கும் செலவு பல மடங்காகிறது.

குளிர்பதனி இல்லாத வீட்டில் காப்புப் பலகையோடு இரவுக் காற்றோட்டமும் சேர வேண்டும். சுவர், சமையல், மின்சாதனங்கள், மனிதர்கள் எனப் பகலில் உள்ளே சேர்ந்த வெப்பமும் காப்பின் காரணமாக மேலே வெளியேற முடியாமல் நிற்கும். வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்த வேளையிலிருந்து விடியும்வரை எதிரெதிர் சன்னல்களையும், உட்கூரையை ஒட்டிய வெண்டிலேட்டர்களையும் திறந்து வைத்து, காலை ஒன்பது மணிக்குள் மூடிவிட்டால், தளமும் சுவரும் இரவின் குளிர்ச்சியை வாங்கிப் பகலில் திருப்பித் தரும். பழைய வீடுகளில் உட்கூரைக்கு அருகே சிறு வெண்டிலேட்டர் வைத்தது இதற்காகவே. புதிய வீடுகளில் அவற்றை அடைத்துவிடுகிறோம்.

வெண்தளத்தின் பலன் தூசியோடு தேய்ந்துகொண்டே போகிறது. வடகிழக்குப் பருவமழையில் பாசி படர்கிறது, தை மாசியில் புழுதி படிகிறது. பங்குனி பிறப்பதற்குள் மொட்டை மாடியைத் தேய்த்துக் கழுவி, உரிந்த இடங்களில் மீண்டும் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிட்டு, சில நாள்கள் கழித்து முன்னிரவில் அதே நாற்காலியின் மேல் ஏறி உள்ளங்கையை உயர்த்திப் பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் வேறுபாட்டை அளந்தறியும் வழி.